தென்னையும் நாற்பத்து நான்கு மாதக் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "பாலம், அணைக்கட்டு, இல்லேன்னா கம்ப்யூட்டர் பத்தி எழுதுடா" என்றார். நான் தென்னை மரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் நாலு தென்னையாவது நிற்கிறது. காலையில் சட்னிக்கு அரைப்பதும் அதுதான், சாயங்காலம் வாசல் கூட்டுவதும் அதன் ஈர்க்குமாறுதான். அப்படிப்பட்ட மரத்தைப் பற்றிப் புதிதாக என்ன இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். ஆனால் அந்த மரத்தின் கணக்குத் தெரியாததால் எங்கள் காட்டில் 26 மரம் போயிற்று. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் காடு ராசிபுரத்துக்கு மேற்கே மேட்டுப் பாங்கில் இருக்கிறது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு ராஜவாய்க்கால் தண்ணீர் உண்டு. வெற்றிலையும் வாழையும் தென்னையும் காவிரியை நம்பி நிற்கும். மேட்டூர் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால் பாசனம் சேர்ந்தே சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கர்தான். எங்களைப் போன்ற மற்றவர்களுக்கெல்லாம் கிணறும் போரும்தான் கதி. மூன்றடி செம்மண், அதற்குக் கீழே மொரம்பு, அதற்குக் கீழே பாறை. அப்பாரு காலத்தில் ஓர் ஏக்கரில் 25 அடிக்கு ஒன்றாக 70 தென்னம்பிள்ளை வைத்தார்கள். எல்லாம் நெட்டை ரகம்.

மரமா, புல்லா?

முதலில் ஒரு விஷயம். தென்னை என்பது மாமரம், வேப்பமரம் போன்ற மரமே அல்ல. வேம்பின் பட்டைக்கு உள்ளே ஒரு வளர் அடுக்கு உண்டு. அது வருஷாவருஷம் புதுக்கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். அதனால் மரம் பருக்கும், வெட்டுக்காயம் மூடும், அறுத்துப் பார்த்தால் வளையம் தெரியும். தென்னைக்கு அந்த அடுக்கு கிடையாது. நெல், சோளம், மூங்கில் போல இது ஒருவித்திலைத் தாவரம். தண்டின் ஒரு பகுதி உருவாகும்போது என்ன பருமனோ, ஆயுசுக்கும் அதே பருமன்தான். 60 வருஷ மரத்தின் அடித்தண்டில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பது அது சின்னப் பிள்ளையாக இருந்தபோது உண்டான அதே குழாய்கள்தான். எந்தக் குழாய்க்கு நம்மால் அப்படி கியாரண்டி கொடுக்க முடியும்?

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, மரம் ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டினால் அந்தக் காயம் ஒரு நாளும் ஆறாது. சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்க அதுவே வாசல். இரண்டாவது, உச்சியில் இருக்கும் ஒரே ஒரு குருத்துதான் மரத்தின் உயிர். கிளை இல்லை, பக்க மொட்டு இல்லை. குருத்து அழுகினால் மரம் முடிந்தது.

நம் பாடத்துக்கு வருகிறேன். கான்டிலீவர் உத்திரத்தில் வெளி இழையில்தான் தகைவு அதிகம் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோம் அல்லவா? தென்னங்கட்டையில் வெளிப்புறத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல்; நடுச்சோறு 400 கிலோவுக்கும் கீழே. பலம் எங்கே வேண்டுமோ அங்கே கட்டை, வேண்டாத இடத்தில் பஞ்சு. வீட்டுக்குத் தென்னங்கை போடுகிற ஆசாரி நடுச்சோற்றை ஒதுக்கிவிட்டு வெளிப்புறத்தை மட்டும் எடுப்பதும் இதனால்தான்.

ஆணிவேரும் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒரே பருமனான சல்லிவேர் இறங்கும். அவற்றில் பெரும்பகுதி தூரைச் சுற்றி 2 மீட்டர் வட்டத்துக்குள், ஓரடியிலிருந்து நாலடி ஆழத்துக்குள்தான் வேலை செய்கிறது. 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எங்கள் ஊரில் பலர் தூரை ஒட்டிக் குழாயை வைத்துவிட்டுப் போவார்கள். அது குடிக்கிற வாயை விட்டுவிட்டுக் கழுத்தில் ஊற்றுகிற கதை. இன்னொரு விசேஷம், தென்னை வேரில் மற்றச் செடிகளைப் போல மெல்லிய வேர்த்தூவிகள் கிடையாது. அதனால் மண்ணில் ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. காய்ந்து கிடக்கும் மொரம்பும் ஆகாது.

தென்னைக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் புத்தகம் சொல்வது இதுதான்: சராசரி வெப்பம் 27 டிகிரி செல்சியஸ், காற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், வருஷம் முழுக்கப் பரவலாக 1300 முதல் 2300 மி.மீ. மழை, நல்ல வெயில், கார அமிலநிலை 5.2 முதல் 8 வரை. கடற்கரை மரம்தானே! நமக்கு என்ன இருக்கிறது? வெயில் வேண்டிய மட்டும் இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழை. நாமக்கல்லில் 700 மி.மீ. சில்லறை. மாசியிலிருந்து வைகாசி வரை அடிக்கிற வறண்ட காற்றைச் சொல்லவே வேண்டாம். ஆக, தென்னை நம் ஊரில் விருந்தாளி. தண்ணீர் என்ற மரியாதையை நாம் செய்கிறவரைதான் அது இருக்கும்.

பாளையின் பஞ்சாங்கம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

நன்றாக வளரும் நெட்டை மரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலை விடும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை. மரத்தில் 30, 35 ஓலை எப்போதும் இருக்கும். பாளை வெடித்தால் நுனியில் ஆயிரக்கணக்கில் ஆண்பூ, அடியில் பட்டாணி போலச் சில பெண்பூ. அதுதான் குரும்பை ஆகும். நெட்டை மரத்தில் ஒரு பாளையின் ஆண்பூ எல்லாம் உதிர்ந்த பிறகுதான் பெண்பூ தயாராகும். ஆகவே அடுத்த மரத்து மகரந்தம் வேண்டும். குட்டை மரத்தில் இரண்டும் ஒன்றாக நடக்கும். குட்டை மரத்து விதை தாயைப் போலவே வரும், நெட்டை மரத்து விதை எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்பது இதனால்தான். குரும்பையில் பாதிக்கு மேல் உதிர்வது இயற்கை. தப்பித்தது முற்றிக் காயாக 11 அல்லது 12 மாதம் ஆகும்.

இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பாளை வெடிப்பதற்கு முன்னால் நடந்த கதை. இன்றைக்கு வெடிக்கிற பாளையின் கரு, குருத்துக்குள் கடுகளவாக உருவானது சுமார் 32 மாதத்துக்கு முன்னால். அது ஓலைக் கக்கத்துக்குள்ளேயே ஒளிந்து வளர்கிறது. பாதி வழியில் அதற்குள் கிளைக்கதிர்கள் பிரிகின்றன. வெடிப்பதற்குச் சுமார் ஒரு வருஷத்துக்கு முன் பெண்பூ உருவாகிறது. 32 மாதமும் 12 மாதமும் கூட்டுங்கள். 44 மாதம். இன்று சந்தையில் வாங்குகிற தேங்காய்க்கு மரம் அஸ்திவாரம் போட்டது ஏறத்தாழ மூன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால்!

இந்த 44 மாதத்தில் எந்தக் கட்டத்தில் வறட்சி வந்தாலும் மரம் அதைக் கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில் வந்தால் குரும்பை கொட்டும், காய் சிறுக்கும். அது உடனே தெரியும். பெண்பூ உருவாகும் நேரத்தில் வந்தால் அடுத்த வருஷம் பாளையில் பெண்பூவே குறைவாக இருக்கும். கருவாகும் நேரத்தில் வந்தால் இரண்டரை வருஷம் கழித்துப் பாளையே வராமல் போகும். அப்போது வெளியே மழை பெய்துகொண்டிருக்கலாம், கிணறு நிரம்பி வழியலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் அரசு வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அந்தப் பங்குனி, சித்திரையில் எங்கள் கிணற்றில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஓலை ஒவ்வொன்றாக மடிந்து தண்டோடு ஒட்டியது. 22 மரம் கொண்டை ஒடிந்து மொட்டையாக நின்றது. மிச்சம் 48. டேங்கரில் தண்ணீர் வாங்கி, குடும்பம் முழுக்கக் குடத்தில் சுமந்து ஊற்றினோம். ஆடிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓலை பச்சை கட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருஷம் பழையபடி காய்க்கும் என்று அப்பா கணக்குப் போட்டார்.

காய்க்கவில்லை. 2018 ஐப்பசி வெட்டில் 48 மரத்துக்கும் சேர்த்து 90 காய். முன்பு ஒரு வெட்டுக்கு 600 விழுந்த காடு. உரம் வைத்தார், தண்ணீர் விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. பாளை வந்தாலும் குரும்பை இல்லை. மரம் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இது மலடாப் போச்சுங்க. இனி இதுக்குத் தண்ணி உட்டுப் பிரயோசனமில்லீங்க. கட்டை கெட்டியா இருக்கறப்பவே குடுத்துருங்க" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 2019 மாசியில் கிழக்குப் பக்கம் 26 மரத்தை வெட்டினார்கள். மேற்குப் பக்கம் 22ஐ அப்பாரு விடவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை, "நான் இருக்கற வரைக்கும் நிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

மரம் சாய்ந்ததும் கொண்டையைப் பிளந்து குருத்தை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள். வெள்ளைவெளேரென்று இனிப்பாக இருந்தது. ஓலைக் கக்கத்துக்குள் விரல் நீளத்திலும் அதைவிடச் சின்னதாகவும் வெள்ளைப் பாளைகள் அடுக்கடுக்காக இருந்தன. அதையும் தின்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2017 சித்திரையில் கருகிய பாளைக் கரு வெடிக்க வேண்டியது 2019 டிசம்பரில், காயாக வேண்டியது 2020 டிசம்பரில். வறட்சியின் வால் அதுவரை நீளும். 2017 மழைக்குப் பிறகு உருவான பாளைகள்தான் நான் தின்றவை. மேற்கே நின்ற 22 மரத்தில் 2021 பங்குனி வெட்டில் 190 காய் விழுந்தது. அதாவது ஒரு மரத்துக்குப் பழைய கணக்கே வந்துவிட்டது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மேற்குப் பக்கம் மண் அரையடி ஆழம் கூடுதல். வீட்டுக் கழிவுநீரும் அங்கேதான் போகிறது. ஆகவே வெட்டிய 26ம் அதேபோலத் தேறியிருக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்திருக்கலாம். இந்த 44 மாதக் கணக்கை அப்பா தெரிந்துகொண்டது பிறகுதான். கேட்டதும், "முன்னாலயே யாராச்சும் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

தண்டில் எழுதிய தேதி

2025 தையில் கயிறு கட்டி மேலே ஏறி நானே டேப் பிடித்தேன். (தேங்காய் போடுகிற அண்ணன் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.) ஓலை விழுந்த தழும்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மாதம். மரத்தில் நிற்கும் கடைசி ஓலை விரிந்து இரண்டரை வருஷம் ஆகியிருக்கும். அதற்குக் கீழே அறுபது தழும்பு எண்ணினால் ஐந்து வருஷம். ஆக ஏழரை வருஷம் பின்னால், 2017 நடுவில் வந்து நிற்கிறோம். அந்த இடத்தில் தழும்புகள் நெருக்கமாக இருந்தன. தண்டும் இடுப்பு போலச் சிறுத்திருந்தது. கீழே சுற்றளவு 88 செ.மீ., அந்த இடத்தில் 76 செ.மீ. வட்ட வெட்டுமுகத்தின் வளைவுத் தாங்குதிறன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதம் என்பது நமக்குத் தெரிந்ததே. 76ஐ 88ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.64. அதாவது அந்த இடத்தில் மரத்தின் பலம் மூன்றில் இரண்டு பங்கை விடச் சற்றுக் குறைவு. இனி எவ்வளவு உரம் போட்டாலும் அது பருக்காது. நல்லவேளை, அது கொண்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் வளைவுத் திருப்புத்திறனும் அங்கே குறைவு.

தண்ணீர்க் கணக்கு

மரம் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு இது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குச் சொட்டுநீரில் பிப்ரவரி முதல் மே வரை நாளுக்கு 65 லிட்டர். ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பரில் 55. மற்ற மாதங்களில் 45. கடும் பற்றாக்குறையில் கோடைக்கு 22 லிட்டர் கொடுத்தாவது உயிரைப் பிடித்து வைக்கலாம். வருஷத்துக்குக் கூட்டினால் ஒரு மரத்துக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர்.

சரி, வானம் எவ்வளவு தருகிறது? 7.5 மீட்டருக்கு 7.5 மீட்டர் என்றால் ஒரு மரத்தின் பங்கு 56.25 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 700 மி.மீ. மழைக்கு 39,375 லிட்டர். தேவையைப் போல இரண்டு மடங்கு! இந்தக் கணக்கைப் போட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படியானால் நம் காடு ஏன் காய்கிறது? அந்த மழை வருஷத்தில் சில பத்து நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடுகிறது. ஆவியாவதும் உண்டு, களை குடிப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் கழிக்காத முரட்டுக் கணக்குதான் இது. இருந்தாலும் குறை மழையில் மட்டும் இல்லை, பிடித்து வைப்பதிலும் இருக்கிறது என்பது தெரிகிறது.

மண் எவ்வளவு பிடிக்கும்? மணல் கலந்த செம்மண், மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மி.மீ. தண்ணீரை வேருக்குக் கொடுக்கும்படி வைத்திருக்கும். 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் 1.2 மீட்டர் ஆழத்துக்கு 1,200 லிட்டர் சொச்சம். 65ஆல் வகுத்தால் 19 நாள். அதாவது முழுக்க நனைந்த பாத்தியும் கோடையில் மூன்று வாரம்கூடத் தாங்காது. எங்கள் கிழக்குப் பக்கம்போல மூன்றடியில் மொரம்பு வந்துவிட்டால் இரண்டு வாரம்தான்.

ஆகவே இப்போது நாங்கள் செய்வது: மரத்துக்கு மரம் சின்ன வரப்பு, சரிவின் கீழ்முனையில் ஒரு குட்டை (நம் சர்வே பிராக்டிகல் முதன்முதலாகப் பயன்பட்டது இதற்குத்தான், சமமட்டக் கோடு நானே போட்டேன்), வட்டப்பாத்தியில் கோடைக்கு முன் நூறு தேங்காய் மட்டைகளைக் குழிவுப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குவது. மட்டை கிடைக்காத மரத்துக்குக் காய்ந்த ஓலை. முன்பெல்லாம் மட்டையை அடுப்பெரித்தோம். மரம் கொடுத்த மூடியைக் கழற்றி எரித்துவிட்டு அதற்கு வெயில் அடிக்கிறதே என்று வருத்தப்பட்டோம்.

உரத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஐந்தாம் வருஷத்திலிருந்து மரத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர், 2 கிலோ பொட்டாஷ், ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் இரண்டு பாதியாக. அப்பாரு குழியில் கல்லுப்புப் போடுவதைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. ஆனால் தென்னைக்குக் குளோரின் ஒரு முக்கியச் சத்து. பிலிப்பைன்ஸில் உப்பையே உரமாகச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனாலும் நம் போர்த் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரிக்கிற இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். பொட்டாஷிலேயே குளோரின் வந்துவிடுகிறது.

பூச்சியில் இப்போது தலைவலி சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்து, பிறகு நம் பக்கமும் வந்துவிட்டது. ஓலையில் கரி பூசியதுபோல இருக்கும். மருந்து அடித்தால் அதை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவிதான் முதலில் சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், கரிக்கு மைதாப் பசையைக் கரைத்துத் தெளியுங்கள். காய்ந்ததும் பொருக்காக உதிரும்.

கிழக்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் என்ன வைப்பது என்று வீட்டில் ஒரு வருஷம் வாக்குவாதம். நெட்டை-குட்டை ஒட்டு சீக்கிரம் காய்க்கும். 1930களிலேயே ஜே.எஸ். பட்டேல் நீலேஸ்வரத்தில் நெட்டையையும் குட்டையையும் சேர்த்துப் பார்த்து உலகத்துக்கே வழி காட்டிவிட்டார். ஆனால் ஒட்டுக்குத் தண்ணீர் தவறாமல் வேண்டும். எங்களால் அந்த உத்தரவாதம் தர முடியாது. கடைசியில் அரசம்பட்டி நெட்டைதான் என்று முடிவாயிற்று. போச்சம்பள்ளிப் பக்கத்து அரசம்பட்டி 1965 வரை நம் பழைய சேலம் ஜில்லாவில் இருந்த ஊர்தான். அந்த ஊர் மரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததைத்தான் ஆழியார் நகர் 1 என்று பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது.

மொரம்பை உடைத்து மூன்றடிக் குழி எடுத்தோம். பழைய கணக்கில் 26 வேண்டும். தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்து 14 தான் வைத்தோம். கடும் பஞ்சம் வந்தால் 22 பழைய மரத்தையும் 14 புதியதையும் சேர்த்து 36 மரத்துக்கு நாளுக்கு 22 லிட்டர் வீதம் 792 லிட்டர். அதை எங்கள் கிணறு 2017இல்கூடக் கொடுத்திருக்கும் என்கிறார் அப்பா. பங்குனிவரை கொடுத்திருக்கும், சித்திரையில் கொடுத்திருக்காது என்பது என் அபிப்பிராயம். குட்டையை இன்னும் ஓரடி ஆழப்படுத்தலாமா என்று இந்த லீவில் அளந்து பார்க்க வேண்டும்.